19 நாள் பிரதமர், 42 ஆண்டு எம்.பி.

கே: கிராமத்து டாக்டர் யாராவது பிரதமர் நாற்காலி வரை போனதுண்டா?

ப: உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏர்ல் பேஜ். கிளாரன்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கிராஃப்டனில் 1880-ல் பிறந்தவர். சிட்னியில் மருத்துவம் படித்துவிட்டு ஊர் திரும்பி ஆஸ்பத்திரி நடத்தினார். 1918-ல் சவுத் கிராஃப்டன் மேயர், 1919-ல் எம்.பி.

கே: சின்னக் கட்சியை வைத்துக்கொண்டு நிதியமைச்சர் ஆனது எப்படி?

ப: பேரம்தான். 1922 தேர்தலில் அவருடைய கண்ட்ரி கட்சிக்கு (விவசாயிகள் கட்சி) 14 இடம். ஆளுங்கட்சிக்கோ பெரும்பான்மை போய்விட்டது. ஆதரவு வேண்டுமானால் பிரதமர் ஹியூஸ் விலக வேண்டும் என்றார். விலகினார். புரூஸ் பிரதமரானார், 11 அமைச்சர்களில் 5 பேர் பேஜ் கட்சி. அப்போது மத்திய அரசும் மாநிலங்களும் ஒரே சந்தையில் தனித்தனியாகக் கடன் கேட்டு வட்டியை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தன. எல்லோரும் கலந்து பேசிக் கடன் வாங்க, நிதியமைச்சர் பேஜ் 1923-ல் கடன் கவுன்சில் அமைத்தார். கட்டாயமில்லாத ஏற்பாடு என்பதால் 1925-ல் நியூ சவுத் வேல்ஸ் கழன்றுகொண்டது. அதனால்தான் 1927-ல் ஒப்பந்தம், 1928-ல் பொதுவாக்கெடுப்பு என்று அரசியல் சட்டத்திலேயே முடிச்சுப் போட்டார்கள்.

கே: பிரதமர் பதவி 19 நாளில் ஏன் போயிற்று?

ப: 1939 ஏப்ரலில் பிரதமர் லயன்ஸ் இறந்ததால் வந்த தற்காலிகப் பதவி அது. லயன்ஸின் கட்சி புதுத் தலைவராக மென்சிஸைத் தேர்ந்தெடுத்ததும் பேஜ் விலக வேண்டியதாயிற்று. மென்சிஸ் பிரதமராக வரக்கூடாது என்பதற்காக, முதல் உலகப் போரில் அவர் பட்டாளத்தில் சேரவில்லை என்று சபையிலேயே போட்டுடைத்தார். மட்டமான பேச்சு. சொந்தக் கட்சிக்காரர்கள் சிலரே முகம் சுளித்தார்கள். செப்டம்பரில் கட்சித் தலைமையும் போனது.

கே: டாக்டர் படிப்பு அரசியலில் உதவியதா?

ப: 1949-ல், அதே மென்சிஸ் அமைச்சரவையில் சுகாதாரம் கிடைத்தபோது உதவியது. முந்தைய லேபர் அரசின் இலவச மருந்துத் திட்டத்தில், அரசு படிவத்தில் மருந்துச் சீட்டு எழுதாத டாக்டருக்கு அபராதம். டாக்டர்கள் ஒத்துழைக்க மறுத்தார்கள். அந்தக் கட்டாயம் செல்லாது என்றது ஹைகோர்ட் (அங்கே அதுதான் உச்சம்). டாக்டர்களின் மனம் அறிந்த பேஜ், மோதாமல் டாக்டர்கள் சங்கத்தோடு பேசினார். 1950-ல் உயிர் காக்கும், நோய் தடுக்கும் 139 மருந்துகளை மட்டும் பட்டியலிட்டு எல்லோருக்கும் இலவசமாக்கினார். இன்றைய மருந்து மானியத் திட்டம் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் டாக்டர் ஃபீஸுக்கான அரசு உதவி, தாமாகக் காப்பீடு எடுத்தவர்களுக்கே கிடைத்தது. பென்ஷன்காரர்களுக்குத் தனி ஏற்பாடு இருந்தது; கட்டணம் கட்ட முடியாத மற்ற ஏழைகள் விட்டுப்போனார்கள். 1975-ல் எல்லோருக்குமான அரசு மருத்துவக் காப்பீடான மெடிபேங்க் வந்த பிறகுதான் அந்த ஓட்டை அடைபட்டது.