பாட்டு ரீச்சரிடம் கேளுங்கள்: மேல் பஞ்சமம் ஏன் கிழிகிறது?

கேள்வி: ஏ.எல்.லுக்குக் கர்நாடக சங்கீதம் எடுக்கிறேன். சுருதி 5½ கட்டை. மேல் ஸட்ஜம் வரைக்கும் சுகமாகப் போகும். மேல் காந்தாரத்தில் குரல் கிழியும், பஞ்சமம் வெறும் கீச்சு. விடிய எழும்பி மேல் ஸ்தாயியையே (மேல் ஸட்ஜமும் அதற்கு மேலுள்ள சுரங்களும்) பாடிச் சாதகம் பண்ணுகிறேன். மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிடுகிறது. அம்மம்மா மிளகும் கற்கண்டும் தருகிறா. சுருதியைக் குறைத்தால் வகுப்பில் சிரிப்பார்கள். என்ன செய்யலாம் ரீச்சர்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: சிரித்தால் சிரிக்கட்டும், அதுக்கென்ன மகள்? கட்டையைக் கூட்டிச் சொன்னால் பெரிய பாட்டுக்காரி என்ற நினைப்பு நம் பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கணக்கைப் பாருங்கள். கட்டை கூடக் கூட ஸட்ஜமே உயரத்தில் தொடங்கும், மற்றச் சுரங்களும் அதோடு உயரும். 5½ கட்டையில் மேல் பஞ்சமம் பிடிக்கக் குரல் நாண்கள் செக்கனுக்கு ஏறக்குறைய 623 தடவை அதிர வேணும். 4½ கட்டையில் அதே பஞ்சமத்துக்கு 555 போதும். அதற்காக ஒரேயடியாக இறங்கிவிடவும் வேண்டாம். 4½-இல் கீழ்ப் பஞ்சமத்தைப் பாடிப் பாருங்கள். சத்தம் காற்றாகப் போனால் உங்கள் இடம் 5. இரண்டு கரையும் எட்டுகிற சுருதிதான் உங்களுடையது.

இனிக் கிழிசலுக்கு வருவோம். கீழ்ச் சுரங்களில் குரல் நாண் குறுகித் தடித்து நிற்கும். மேலே போகப் போக நீண்டு மெலிய வேணும். நீங்கள் கீழே பாடுகிற தடித்த குரலையே பலவந்தமாக மேலே இழுக்கிறீர்கள். காந்தாரத்தில் அது தாக்குப்பிடிக்காமல் உடைகிறது. கண்ணாடிக்கு முன் நின்று பாடிப் பாருங்கள்: நாடி மேலே தூக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தமும் கூடும். உயரப் போவதும் உரக்கப் பாடுவதும் ஒன்றல்ல.

ஆகவே கொஞ்ச நாளைக்கு ஏறாதீர்கள், இறங்குங்கள். மேல் ஸட்ஜத்தை 'ஆ' என்று அகாரத்தில், தொட்டிலில் பிள்ளை தூங்குகிற வீட்டில் பாடுவதுபோல் மெல்லப் பிடித்து, ஸ் நி த ப என்று அந்த மெல்லிய குரலைக் கலைக்காமல் கீழே கொண்டுவாருங்கள். அது பழகியதும் மேல் ரிஷபத்திலிருந்து, பிறகு காந்தாரத்திலிருந்து. அரைக் கிளாஸ் தண்ணீரில் ஸ்ரோவை விட்டு, 'ஊ' என்று குரலோடு ஊதிக்கொண்டே பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை வழுக்கி ஏறி இறங்குவதும் நல்லது. தண்ணீர் குமிழியிடும், வீட்டில் சிரிப்பார்கள், ஆனால் நாண்களில் விழுகிற அடி குறையும். மேலே 'ஈ' வந்தால் பல்லைக் கடிக்காமல் வாயை 'எ' பக்கம் கொஞ்சம் திறவுங்கள்.

விடிய எழும்பியதும் மேல் ஸ்தாயி கூடவே கூடாது. முதலில் மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை, அதுவும் மத்திய ஸ்தாயியில். மேல் ஸ்தாயி வரிசை கடைசியில், பத்து நிமிஷம் போதும்.

வடமோடிக் கூத்தர் விடியும்வரை உச்சத்தில் பாடுகிறார்களே என்று கேட்பீர்கள். அடுத்தமுறை களரியில் கவனியுங்கள்: பிற்பாட்டுக்காரர் வரியை வாங்கிப் பாடும்போது கூத்தர் மூச்செடுத்துக்கொள்வார். கீர்த்தனையில் உங்களுக்கு அந்த ஆள் இல்லை. மூச்செடுக்கிற இடங்களைக் கொப்பியில் பென்சிலால் குறித்து வையுங்கள்.

அம்மம்மாவின் மிளகு கற்கண்டு இதமாக இருக்கும், மறுக்காதீர்கள். ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குத்தான் போகும், குரல் நாணில் படாது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதுதான் நாணை ஈரமாக வைக்கும். தொண்டை கட்டியிருக்கும்போது குசுகுசுவென்று பேசவும் வேண்டாம். கட்டு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் சாதகத்தை நிறுத்திவிட்டுக் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். நாணில் முடிச்சு இருந்தாலும் பெரும்பாலும் குரல் பயிற்சியாலேயே கரையும்.

கேள்வி: கோயிலில் தேவாரம் பாடும் மகனுக்கு வயது 14. குரல் உடைகிறது. பாட்டை நிறுத்தலாமா?
– வாசகர், கல்முனை

பதில்: நிறுத்தாதீர்கள். ஆண்பிள்ளைக் குரல் இந்த வயதில் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ஸட்ஜத்திலிருந்து அடுத்த ஸட்ஜம் வரையான அளவு, இறங்கும். பழைய சுருதியில் பாடச் சொல்லி வற்புறுத்தாமல், சிரமமில்லாத அளவுக்குக் கட்டையைக் குறைத்துக் கொஞ்ச நேரம் பாடவிடுங்கள்.

கேள்வி: சுருதிப் பெட்டிக்குப் பதிலாகப் போனில் தம்புரா ஆப் போதுமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: போதும். போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ் ஸட்ஜம் சரியாகக் கேட்காது, வெளி ஸ்பீக்கரில் போடுங்கள். இடையில் கோல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.