அறிவியல் வகுப்பில் பரிணாமமும் படைப்புவாதமும்: ஓர் உயிரியல் ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: சார், பென்சில்வேனியாவில் இருக்கிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பு. "பரிணாமம் வெறும் தியரிதானே" என்று நண்பன் கேட்டானாம். என்ன சொல்லட்டும்?

பதில்: பேச்சு வழக்கில் தியரி என்றால் ஊகம். அறிவியலில் அது சோதனைக்கு உட்பட்டுத் தாக்குப்பிடித்த விளக்கம். மகனிடம் இதைச் சொல்லுங்கள்: மனிதருக்கு 23 ஜோடி குரோமோசோம்கள், சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 24. ஒரே மூதாதையிடமிருந்து வந்தோம் என்றால் அந்த ஒரு ஜோடி எங்கே? அத்தனை மரபணுக்கள் தொலைந்திருந்தால் பிழைத்திருக்கவே மாட்டோம். அப்படியானால் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். தேடிப் பார்த்தார்கள். நமது இரண்டாம் குரோமோசோமின் நடுவில், வழக்கமாக நுனிகளில் இருக்கும் டெலோமியர் வரிசை கிடைத்தது. கூடவே, செயலிழந்த இன்னொரு சென்ட்ரோமியரின் (ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒன்றே இருக்கும் இடுப்புப் பகுதி) சுவடும் கிடைத்தது. இந்தத் தடயங்கள் இல்லாமல் போயிருந்தால் பரிணாமத்துக்குப் பெரிய அடி. டோவர் வழக்கில் உயிரியலாளர் கென்னத் மில்லர் நீதிபதிக்கு விளக்கியவற்றில் இதுவும் ஒன்று.

கேள்வி: அது என்ன வழக்கு?

பதில்: உங்கள் மாநிலத்து ஊர்தான் டோவர். 2004 அக்டோபரில் அங்கே பள்ளி வாரியம் ஒரு முடிவெடுத்தது. பரிணாமப் பாடம் தொடங்கும் முன், "இது தியரி, உண்மை அல்ல, இதில் இடைவெளிகள் உண்டு, 'அறிவார்ந்த வடிவமைப்பு' (அறிவுள்ள ஒருவர் உயிர்களை வடிவமைத்தார் என்ற கருத்து) என்ற வேறு விளக்கமும் உண்டு" என்ற பொருளில் ஓர் அறிக்கையை ஒன்பதாம் வகுப்பில் வாசிக்க வேண்டும் என்றது. அறிவியல் ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். அறிவியல் அல்லாததை அறிவியல் என்று தெரிந்தே சொல்ல மாட்டோம் என்று எழுதியே கொடுத்தார்கள். கடைசியில் நிர்வாகிகள் வந்து வாசித்தார்கள். வேலை போகலாம் என்று தெரிந்தும் நின்ற அந்த ஆசிரியர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

11 பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அந்த அறிக்கை சிபாரிசு செய்த புத்தகத்தின் பழைய வரைவுகள் நீதிமன்றத்துக்கு வந்தன. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடவுள் உயிர்களைப் படைத்தார் என்ற படைப்புவாதத்தையும் பரிணாமத்தோடு கற்பிக்கச் சொன்ன லூசியானா மாநிலச் சட்டத்தை ரத்து செய்தபின், 'படைப்பு' என்றிருந்த இடங்களில் 'வடிவமைப்பு' என்று மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் அவசரத்தில் இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று கலந்தே அச்சாகியிருந்தன. நீதிபதி ஜான் ஜோன்ஸ், குடியரசுக் கட்சி அதிபர் புஷ் நியமித்தவர். 2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பு தந்தார்: இது மதம், அறிவியல் அல்ல. வாரியத்தைத் தேர்தலில் மக்கள் அதற்கு முன்பே மாற்றிவிட்டார்கள்.

கேள்வி: 1925 'குரங்கு வழக்கில்' பரிணாமம் ஜெயித்ததா?

பதில்: இல்லை. டென்னசி மாநிலத்தில், பள்ளியில் மனிதப் பரிணாமம் கற்பிப்பதைத் தடுத்த சட்டத்தை மீறியதாக ஆசிரியர் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். மேல்முறையீட்டில் தண்டனை நீங்கியதற்குக் காரணம், அபராதத் தொகையை நடுவர் குழு முடிவு செய்யாமல் நீதிபதி முடிவு செய்ததுதான். அந்தத் தடைச் சட்டம் 1967 வரை இருந்தது.

கேள்வி: இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டுப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்பது நியாயம்தானே?

பதில்: நியாயமாகத் தோன்றும், ஆனால் ஏற்க மாட்டேன். எந்தச் சான்று வந்தால் உன் கருத்தைக் கைவிடுவாய் என்ற கேள்விக்குப் பதில் இருப்பதுதான் அறிவியல் வகுப்புக்குள் வரலாம். படைப்புக் கதைகளை வரலாறு, சமயம், இலக்கிய வகுப்புகளில் தாராளமாகப் படிக்கட்டும்.

கேள்வி: நான் ஆசிரியை. இந்தப் பாடத்தில் ஒரு மாணவி அழுதுவிட்டாள். கடவுளை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டாள். தடுமாறிவிட்டேன்.

பதில்: அம்மா, தடுமாறியதில் தப்பில்லை. "நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை, புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மேலே சொன்ன மில்லர் கத்தோலிக்கர் என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பெண்ணை வகுப்பில் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் முதலில்.

கேள்வி: இந்தியாவில் பாடத்தையே எடுத்துவிட்டார்களாமே?

பதில்: என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்ற பாடம் 'மரபுவழி' என்று சுருங்கியது. 2023இல் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்பார்கள். பத்தாவதோடு உயிரியலை விடும் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று தனிப் பாடமே இருக்கிறது. நேரமில்லை என்று அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.