ராஜாவில் பிறந்த ‘செக்’

கேள்வி: சதுரங்கத்தில் ‘செக்’, வங்கியில் ‘செக்’, சட்டையில் ‘செக்’, சரிபார்ப்பதும் ‘செக்’. எல்லாம் ஒரே சொல்லா?

பதில்: ஒரே சொல்தான். வேர், அரசனைக் குறிக்கும் பாரசீகச் சொல் ‘ஷா’. ராஜாவைத் தாக்கும்போது ‘ஷா!’ என்று எதிராளியை எச்சரிப்பார்கள். அது அரபு வழியாக ஐரோப்பா போய், பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. ‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’. ‘ராஜா செத்தான்’ என்று பலரும் பொருள் சொல்கிறார்கள். ‘ராஜா வழியற்று நின்றான்’ என்பதே பொருத்தம். ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதே இல்லையே!

செக் விழுந்தால் நினைத்த காயை நகர்த்த முடியாது. அதனால் ‘தடு’ என்ற பொருள் வந்தது. தவறு நுழையாமல் தடுப்பதிலிருந்து ‘சரிபார்’ வந்தது.

சட்டையின் கட்டம் சதுரங்கப் பலகையிலிருந்து வந்தது. அந்தப் பலகையின் பிரெஞ்சுப் பெயரால்தான் இங்கிலாந்தின் கருவூலமும் ‘எக்ஸ்செக்கர்’ ஆனது. 12-ஆம் நூற்றாண்டில் அங்கே சுமார் 10 அடி நீளம், 5 அடி அகல மேசையில், சதுரங்கப் பலகைபோலக் கோடுகள் போட்ட கறுப்புத் துணி விரித்துக் கணக்குப் பார்த்தார்கள். பென்னி, ஷில்லிங், பவுண்டு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. பென்னிப் பத்தியில் 12 வில்லை சேர்ந்தால் எடுத்துவிட்டு, ஷில்லிங் பத்தியில் ஒன்று வைப்பார்கள்; அங்கே 20 சேர்ந்தால் பவுண்டுக்கு ஒன்று. எழுத்தறியாதவரும் கண்ணால் பார்த்தே கணக்கை ஒப்புக்கொள்ளலாம். அருமையான ஏற்பாடு! பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப்பெயரான ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்பதில் அந்தத் துணி இன்றும் இருக்கிறது.

கேள்வி: வங்கிச் செக்கை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘கியூ’ (q) என்ற எழுத்து ஏன்?

பதில்: 18-ஆம் நூற்றாண்டில் மோசடியைத் தடுக்க, சீட்டைக் கிழித்துக் கொடுத்தபின் வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் முதலில் ‘செக்’ என்று பெயர். பிறகு அது பணம் தரும் சீட்டையே குறித்தது. ‘கியூ’ எழுத்து எக்ஸ்செக்கரின் சாயலில் சேர்ந்தது. பிரிட்டிஷ் வழக்கில் வங்கிச் சீட்டுக்கு மட்டும் ‘கியூ’, மற்றதற்கெல்லாம் ‘சிகே’ (ck). அமெரிக்கர்கள் இரண்டையும் ‘சிகே’ என்றே எழுதுவார்கள். உணவக பில்லும் அவர்களுக்குச் ‘செக்’தான்.

கேள்வி: தீ ‘அன்செக்ட்’ ஆகப் பரவியது என்றால் ‘சரிபார்க்கப்படாமல்’ என்று மொழிபெயர்க்கலாமா?

பதில்: கூடாது. அங்கே பழைய ‘தடு’ என்ற பொருள்தான்: ‘தடுப்பாரின்றிப் பரவியது’. படிவத்தில் ஒரு பெட்டி ‘அன்செக்ட்’ என்றால் டிக் போடவில்லை. விமானத்தில் ‘செக்ட் பேகேஜ்’ என்றால் சோதித்த பெட்டி அல்ல, கவுன்ட்டரில் ஒப்படைத்த பெட்டி.