சைன், காஸ், டேன்: செங்கோண முக்கோணம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சைன் 30° என்றால் ½ என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் எதில் பாதி?

பதில்: கர்ணத்தில், அதாவது செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தில், பாதி. ஒரு கோணத்தின் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் காஸ், எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன். 30° கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கம் கர்ணத்தில் சரிபாதி நீளம்தான். இதை வரைந்தே பார்த்துவிடலாம். பக்கம் 2 அலகு உள்ள சமபக்க முக்கோணம் ஒன்றை வரைந்து, உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு இறக்குங்கள். உச்சியில் இருந்த 60° இரண்டு 30° ஆகும், அடிப்பக்கம் 1, 1 என்று பிரியும். இப்போது ஒரு பாதியை மட்டும் பாருங்கள். கர்ணம் 2, 30°க்கு எதிரே 1. மீதிப் பக்கம் பிதாகரஸ் தேற்றப்படி √3. ஆகவே காஸ் 30° = √3/2, டேன் 30° = 1/√3. ஒரே படத்தில் மூன்றும் கிடைத்துவிட்டன, தயவுசெய்து ஒருமுறையாவது வரைந்து பாருங்கள்.

கேள்வி: முக்கோணம் பெரிதானால் சைன் மதிப்பும் கூடுமா?

பதில்: கூடாது. முக்கோணவியல் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. கோணங்கள் மாறாமல் முக்கோணம் வளர்ந்தால் மூன்று பக்கங்களும் ஒரே மடங்கில் வளரும், விகிதம் அப்படியே இருக்கும். பக்கங்கள் 3, 4, 5 ஆனாலும் 30, 40, 50 ஆனாலும் மிகச்சிறிய கோணத்தின் சைன் 0.6தான். அந்தக் கோணம் சுமார் 36.87°. ஒருமுறை கணக்கிட்டு வைத்த அட்டவணை எல்லா முக்கோணங்களுக்கும் பயன்படுவது இதனால்தான். ஆரியபட்டர் 3¾° இடைவெளியில் 24 மதிப்புகளுக்கு அப்படி ஓர் அட்டவணை தந்திருக்கிறார்.

கேள்வி: எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம் இரண்டும் எப்போதும் குழப்புகின்றன.

பதில்: முதலில் செங்கோணத்துக்கு எதிரே உள்ள கர்ணத்தை ஒதுக்கிவிடுங்கள். அப்புறம், கேட்ட கோணத்தைத் தொடாத பக்கம் எதிர்ப்பக்கம், தொடுவது அடுத்துள்ள பக்கம். மற்றக் குறுங்கோணத்துக்குப் போனால் இவை இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். சைன் 30°உம் காஸ் 60°உம் சமமாக இருப்பதற்கு வேறு காரணம் இல்லை.

கேள்வி: எனக்கு சைன் 1.2 என்று விடை வந்தது. சரியா?

பதில்: தவறு. கர்ணம்தான் மிக நீளமான பக்கம், அதனால் சைனும் காஸும் 1ஐத் தாண்டாது. தலைகீழாக வகுத்தீர்களா என்று பாருங்கள். டேனுக்கு இந்த வரம்பு கிடையாது.

கேள்வி: கால்குலேட்டரில் சைன் 30 போட்டால் -0.988 வருகிறது.

பதில்: கால்குலேட்டர் ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஏறாமலே கோபுரத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்க எதைப் பயன்படுத்துவது?

பதில்: டேன். 20 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது ஏற்றக்கோணம் (கண் மட்டத்திலிருந்து உச்சியைப் பார்க்கப் பார்வை உயரும் கோணம்) 40° என்றால், டேன் 40° சுமார் 0.839. 20ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 16.8 மீட்டர். இது உங்கள் கண் மட்டத்துக்கு மேலுள்ள உயரம் மட்டுமே. தரையிலிருந்து கண்ணுக்கு 1.5 மீட்டர் என்றால் அதையும் கூட்டுங்கள், 18.3 மீட்டர் வரும்.