பட்டறைக் கேள்வி – பதில்: வழக்கத்துக்கு மாறான குட்டி என்ஜின்கள்

மேசைமேல் ஓடும் மாடல் என்ஜின்களைப் பற்றி டெல்டா வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில். அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில்.

வீட்டில் சின்ன லேத் இருக்கிறது, மில்லிங் மெஷின் இல்லை. சாதாரண பிஸ்டன்-கிராங்க் மாடல் வேண்டாம். பார்க்கிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி எதில் தொடங்கலாம்? – வாசகர், கும்பகோணம்

ஆடும் சிலிண்டர் என்ஜினில் தொடங்குங்கள். இதற்கு வால்வே கிடையாது. சிலிண்டர் முழுவதும் ஒரு பின்னைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆடும். ஒரு பக்கம் சாயும்போது அதன் துளை காற்று வரும் துளையோடு சேரும், மறுபக்கம் சாயும்போது வெளியேறும் துளையோடு சேரும்.

உள்விட்டம் 12, ஸ்ட்ரோக் 20 என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் ஆரம் 10. கிராங்க் மையத்திலிருந்து ஆடும் பின் வரை 50. பத்தை ஐம்பதால் வகுத்தால் 0.2. சிலிண்டர் சாயும் கோணத்தின் சைன் இதுதான், கோணம் சுமார் 11.5 டிகிரி வரும். சிலிண்டரின் துளையைப் பின்னுக்கு அப்பால் 15 தள்ளிப் போட்டால், அது நடுக்கோட்டுக்கு இருபுறமும் 15 × 0.2 = 3 நகரும். ஆகவே சிலிண்டர் உரசி ஆடும் நிலைத்தகட்டில் பின்னிலிருந்து அதே 15 ஆரத்தில், நடுக்கோட்டுக்கு இருபுறமும் 3 தள்ளி இரண்டு துளைகள். மூன்று துளைகளுக்கும் விட்டம் 2.5. 'இன்னும் கொஞ்சம் காற்று போகட்டுமே' என்று 3 மி.மீ. டிரில்லை எடுக்காதீர்கள். அப்போது விளிம்போடு விளிம்பு தொட்டுக்கொள்ளும். டிரில் சற்றே விலகினாலும் டெட் சென்டரில் (பிஸ்டன் திசை மாறும் இடம்) காற்று நேரே வெளியே போய்விடும். கிராங்க் பின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை 53 வைத்தால் துளையை மறைக்காமல் நிற்கும்.

ஓடாத ஆடும் சிலிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் ஒன்றுதான்: பின் துளை, தேய்ப்பு முகத்துக்குச் செங்குத்தாக இல்லை. முகம் எங்கே படுகிறது என்று காட்டும் நீலப் பசையான மார்க்கிங் ப்ளூவைத் தடவி ஆட்டிப் பாருங்கள். நிறம் ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டினால் அதுதான் காரணம். சிலிண்டரைத் தகட்டோடு அழுத்தும் ஸ்பிரிங்கை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. கண்ணாடிமேல் 800 எமரித் தாளும் எண்ணெயும் வைத்து முகத்தைத் தேயுங்கள், பின்னைத் திருத்துங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் கொடுப்பதானால் ரெகுலேட்டர் கட்டாயம். 10 பி.எஸ்.ஐ. தாராளம்.

பல்வளையத்துக்குள் சின்னப் பல்சக்கரம் உருண்டு, பிஸ்டன் ராடை நேர்கோட்டில் இழுக்கும் என்ஜினின் படம் பார்த்தேன். பழைய பேட்டரி டிரில்லின் கியர்பாக்ஸை வைத்து இதைச் செய்ய முடியுமா? – வாசகர், மன்னார்குடி

அதன் பெயர் ஹைப்போசைக்ளாய்டு என்ஜின். லீட்ஸ் நகரத்து மேத்யூ முர்ரே 1805-இல் செய்தது இன்னும் பர்மிங்காம் திங்க்டாங்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கியர்பாக்ஸை அப்படியே பயன்படுத்த முடியாது. இந்த என்ஜினுக்குச் சின்னச் சக்கரத்தின் பற்கள் வளையத்தின் பற்களில் சரிபாதியாக இருக்க வேண்டும். டிரில்லின் கியர்பாக்ஸிலோ நடுச்சக்கரத்தைச் சுற்றிக் கோள்சக்கரங்கள் உருளும்; வளையத்தின் பற்கள் = நடுச்சக்கரம் + கோள்சக்கரம் × 2. நடுவில் ஒரு சக்கரம் உட்கார்ந்திருப்பதால் கோள்சக்கரம் ஒருநாளும் பாதி அளவை எட்டாது. எத்தனை டிரில்லைப் பிரித்தாலும் இதே கதைதான். வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாதிப் பற்கள் உள்ள சக்கரத்தைத் தனியே வாங்கவோ வெட்டவோ வேண்டும். வளையத்தில் ஒற்றைப்படைப் பற்கள் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் எண்) தெரிய, பல்நுனிக்குப் பல்நுனி உள்விட்டத்தை அளந்து, பல் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். 48 பல், உள்விட்டம் 46 என்றால் மாட்யூல் 1. டிரில் வளையங்களில் பல்லின் வடிவம் சற்று மாறியிருக்கும். வரும் விடை மாட்யூலுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். சின்னச் சக்கரத்தை உள்ளே உருட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புதிதாகவே செய்வதென்றால் கோவைப் பக்கம் வயர்கட் (மின்பொறிக் கம்பியால் வெட்டுவது) செய்யும் பட்டறையில் வளையத்தை வெட்டி வாங்குவது நல்லது.

மாட்யூல் 1-இல் 48-க்கு 24 என்று எடுத்தால் கிராங்க் ஆரம் 12. சின்னச் சக்கரத்தின் மையத்திலிருந்து 12 தள்ளி, அதாவது பிட்ச் வட்டத்தின்மேல் (பற்கள் ஒன்றோடொன்று உருளும் கணக்கு வட்டம்), பிஸ்டன் ராடின் பின். ஸ்ட்ரோக் 48. கிராங்க் ஆரத்தைப் போல நான்கு மடங்கு ஸ்ட்ரோக் கிடைப்பதுதான் இதன் அழகு.

அந்தப் பின்னின் இடத்தில்தான் வேலையே இருக்கிறது. 12.0-க்குப் பதில் 11.9-இல் விழுந்தால் நேர்கோடு நீள்வட்டமாகிவிடும். ராடின் முனை ஸ்ட்ரோக்கின் நடுவே இருபுறமும் 0.1, மொத்தம் 0.2 மி.மீ. அலையும். ராடைப் பிடித்திருக்கும் புஷ் அதைத் தாங்காது, இறுகும். கிராங்க் ஆரத்தில் வரும் பிழைக்கும் இதே கணக்கு. ஆகவே சக்கரத்தின் துளையையும் பின் துளையையும் ஒரே பிடிப்பில், டயல் கேஜ் வைத்துப் போடுங்கள்.

மாட்டும்போது இன்னொன்று. பல் ஒன்று தள்ளி மாட்டிவிட்டால் ராட் ஓட வேண்டிய கோடு 7.5 டிகிரி சாய்ந்துவிடும். முதலில் சிலிண்டரை முடுக்கி விட்டுப் பல்லைத் தேடினால் நேரம் போகும். வளையத்தின் திருகுத் துளைகளைச் சற்று நீள்துளைகளாக வைத்து, எல்லாவற்றையும் மாட்டிய பிறகு வளையத்தையே திருப்பிக் கோட்டை நேராக்குங்கள். வளையத்தை 1 டிகிரி திருப்பினால் கோடும் 1 டிகிரி திரும்பும். டொக் டொக்கென்று சத்தம் வந்தால் அது பல் இடைவெளி. கொஞ்சம் கிரீஸ் வையுங்கள், முழுக்கப் போகாது.

வெந்நீர் டம்ளர்மேல் வைத்தால் ஓடும் ஸ்டெர்லிங் என்ஜின் செய்தேன். கையால் சுற்றிவிட்டால் நாலு சுற்றில் நின்றுவிடுகிறது. அறை விட்டம் 100, உள்ளுயரம் 20. உள்ளே 96 விட்டம், 12 தடிமனில் தெர்மாகோல் டிஸ்பிளேசர். பவர் பிஸ்டனுக்குக் கண்ணாடி சிரிஞ்ச்: உள்விட்டம் 20, ஸ்ட்ரோக் 20. உராய்வே இல்லை. – வாசகர், தஞ்சாவூர்

அளவுகளைக் கொடுத்துவிட்டதால் காரணமும் கடிதத்திலேயே இருக்கிறது. இந்த என்ஜினில் டிஸ்பிளேசர் உள்ளே இருக்கும் காற்றைச் சூடான தகட்டுக்கும் குளிர்ந்த தகட்டுக்கும் மாற்றி மாற்றித் தள்ளும்; காற்று விரிந்து சுருங்குவது பவர் பிஸ்டனை நகர்த்தும். உங்கள் பவர் பிஸ்டன் தேவைக்கு மேல் காற்றை இழுக்கிறது.

குறைந்த வெப்ப வித்தியாசத்தில் ஓடும் இந்த வகையை 1983-இல் ஓட்டிக்காட்டிய ஸாக்ரெப் பேராசிரியர் ஐவோ கோலின், பட்டறிவில் ஒரு விதி வைத்திருந்தார்: அமுக்க விகிதம் (உள்ளே காற்றின் அதிகபட்சக் கனஅளவைக் குறைந்தபட்சத்தால் வகுத்தது) = 1 + வெப்ப வித்தியாசம் ÷ 1100. வெந்நீர் 90 டிகிரி இருந்தாலும் நம் ஊர் வெயிலில் மேல்தகடும் சூடாகத்தான் இருக்கும். இரண்டு தகடுகளுக்கும் இடையில் உள்ளே இருக்கும் காற்றுக்குக் கிடைப்பது 40 டிகிரி என்று எடுப்போம். 40 ÷ 1100 = 0.036. உங்கள் அறை 157 கன செ.மீ., டிஸ்பிளேசர் 87. மிச்சம் காற்று 70. அதில் 3.6 சதவீதம் 2.5 கன செ.மீ. உங்கள் பிஸ்டனோ 6.3 இழுக்கிறது. அதற்கு ஏறக்குறைய 100 டிகிரி வித்தியாசம் வேண்டும், வெந்நீரில் கிடைக்காது.

சிரிஞ்சை மாற்ற வேண்டாம். பிஸ்டனின் கிராங்க் ஆரத்தை 10-லிருந்து 4 ஆகக் குறையுங்கள். ஸ்ட்ரோக் 8 ஆகும், கணக்கு 2.5-க்கு வந்துவிடும். டிஸ்பிளேசர் ஸ்ட்ரோக் 7 இருக்கட்டும். மேலும் கீழும் அரை மி.மீ. இடைவெளி போதும். டிஸ்பிளேசர் உச்சியில் நிற்கும்போது பிஸ்டன் பாதிவழியில் மேலேறிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் 90 டிகிரி. இரண்டு தகடுகளையும் இரும்பு போல்ட்டால் இணைத்திருந்தால் அதன் வழியே சூடு ஏறிவிடும், நைலான் போல்ட் போடுங்கள். சிரிஞ்சுக்கும் டிஸ்பிளேசர் கம்பிக்கும் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயின் பிசுக்கே இந்த என்ஜினை நிறுத்தப் போதும்.

தெர்மாகோல் கொதிநீர்ச் சூட்டில் நாளடைவில் இளகி வளையும். தஞ்சாவூரிலேயே இருப்பதால் ஒரு யோசனை: நெட்டி, அதாவது நீரில் வளரும் செடியின் தக்கை போன்ற தண்டு. கைவினைஞர்களிடம் வெட்டிக் காயவைத்த தண்டாகக் கிடைக்கும். பட்டையாகச் சீவி, ஃபெவிகாலால் ஒட்டி, 12 தடிமனுக்குத் தேய்த்தால் தெர்மாகோல் போலவே எடை குறைவாகவும் சூட்டுக்கு அசையாமலும் இருக்கும். ஈரத்தை உறிஞ்சும் என்பதால் நன்றாக உலர்த்தி மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் வெந்நீருக்குப் பதிலாக அடியில் ஐஸ் வைத்தும் ஓட்டலாம், எதிர்த்திசையில் ஓடும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் அறையைத் திறந்து பாருங்கள். நம் காற்றின் ஈரம் குளிர்ந்த தகட்டில் முத்துமுத்தாகப் படிந்து டிஸ்பிளேசரைத் தகட்டோடு ஒட்டியிருக்கும்.

ஃப்ளைவீலை எங்கள் ஊர் மெழுகு வார்ப்பு முறையில் ஊற்றலாமா? – வாசகர், சுவாமிமலை

ஊற்றலாம், ஆனால் சக்கரத்துக்கு அது வீண்வேலை. மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு மெழுகு, ஒரு மண் கவசம். அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். தட்டையான, இரண்டு பாதியாகப் பிரியக்கூடிய சக்கரத்துக்கு நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகளின் மணல் அச்சே போதும். அவர்களிடம் கடைசல் வசதியும் உண்டு. மரத்தில் மாதிரி செய்து கொடுங்கள். முடிந்த விட்டம் 100 வேண்டுமென்றால் கடைசலுக்கு 4 கூட்டி 104, பித்தளை ஆறும்போது சுருங்குவதற்காக இன்னும் 2 கூட்டி, மரமாதிரி 106. ஆரக்கால்கள் விளிம்போடு சேரும் மூலைகளில் 3 ஆரத்துக்கு வளைவு கொடுங்கள், கூர்மூலையாக விட்டால் அங்கேதான் விரிசல் விழும். ஆரக்கால்களை ஒற்றைப்படையில், 5 என்று வைத்தால் ஆறும்போது வரும் இழுவை நேருக்கு நேர் விழாது.

உள்ளே வளைந்த காற்றுவழி உள்ள சிலிண்டர் பிளாக், அலங்காரத் தூண் போன்றவற்றுக்கு உங்கள் ஊர் முறைதான் சரி. பழம்பாத்திரத்தை உருக்கி சிலிண்டர் ஊற்றாதீர்கள். அதில் துத்தநாகம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, கடைந்த பிறகு குண்டூசித் துளைகள் தெரியும். சிலிண்டருக்கு வெண்கலக் கம்பி, இல்லையேல் வார்ப்பிரும்பு.

தீயை உறிஞ்சி ஓடும் 'ஃப்ளேம் லிக்கர்' என்ஜின் சித்திரையில் ஓடியது, ஐப்பசியில் கிளம்பவே மாட்டேன் என்கிறது. – வாசகர், மயிலாடுதுறை

இந்த என்ஜின் தீச்சுடரின் சூடான வாயுவை உள்ளே இழுத்து, வால்வை மூடி, அது குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று பிஸ்டனைத் தள்ளுவதால் ஓடுகிறது. எரியும் ஸ்பிரிட்டில் நீராவி உண்டாகும். குளிர்ந்த சிலிண்டரில் அது தண்ணீராகப் படிந்து பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இது அதிகம், வார்ப்பிரும்பு சிலிண்டராக இருந்தால் ஒரே இரவில் துருவும் படிந்திருக்கும். பிஸ்டனைக் கழற்றித் துடையுங்கள். சிலிண்டரைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சி, பிறகு கிளப்புங்கள். ஓட்டி முடித்ததும் மறுபடி துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் தொட்டு வையுங்கள், அடுத்த முறை ஓட்டுமுன் அதைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். எண்ணெயோடு ஓட்டினால் கரியாகிப் பிஸ்டன் சிக்கும்.

சுடர் துளையிலிருந்து 2, 3 மி.மீ. தள்ளி இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். வால்வுத் தகடு 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடாக இருக்கலாம். பிஸ்டன் வெளிமுனையை அடைவதற்குச் சற்று முன்பே அது மூட வேண்டும், தாமதித்தால் குளிர்காற்றும் உள்ளே வந்துவிடும். கை கழுவும் சானிடைசரை எரிபொருளாக ஊற்ற வேண்டாம். அதிலுள்ள கிளிசரினும் தண்ணீரும் திரியை அடைத்துவிடும்.

வாங்கெல் ரோட்டரி என்ஜினை வீட்டில் செய்ய முடியுமா? – வாசகர், பட்டுக்கோட்டை

பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார் சுற்றும் என்ஜின் இது. ஓடும் மாடலாக வேண்டாம். ரோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் மூன்று சுற்றும், அந்த விகிதத்தைப் பல்சக்கரத்தால் எளிதில் கொண்டுவந்துவிடலாம். கஷ்டம் மூன்று நுனிகளின் சீலில்தான். அது உள்சுவரில் அதிர்ந்து கோடு போடும், கோட்டின் வழியே அமுக்கம் போய்விடும். ஜப்பானிய மாடல் என்ஜின் நிறுவனமான ஓ.எஸ். 5 சி.சி.க்குச் சற்றுக் குறைவான மாடல் வாங்கெல்லைத் தொழிற்சாலையில் செய்து விற்றது. அந்த நுணுக்கம் அங்கேதான் சாத்தியம். வெட்டித் திறந்து கையால் சுற்றிக் காட்டும் மாதிரியாக அக்ரிலிக்கில் செய்யுங்கள், நன்றாக இருக்கும்.

பிரஷர் குக்கரின் விசிலை எடுத்துவிட்டு ஓஸ் மாட்டி, நீராவியில் ஓட்டலாமா? – வாசகர், திருவாரூர்

கூடாது. விசில் இருக்கும் வழிதான் குக்கர் தன் அமுக்கத்தை விடும் வழி. அங்கே ஓஸை மாட்டி, என்ஜின் ஒரு நொடி நின்றாலும் அந்த வழி அடைபடும். காற்றில் ஓட்டுங்கள்.

எங்கள் பம்புசெட் ஆயில் என்ஜின் சீராக ஓடும். 'ஹிட் அண்ட் மிஸ்' மாடல் மட்டும் ஒரு வெடி வெடித்துவிட்டு ஏழெட்டுச் சுற்று சும்மா ஓடுவது ஏன்? என் மாடல் சும்மா ஓடும்போதும் பெட்ரோல் வாடை அடிக்கிறது. – வாசகர், பாபநாசம்

உங்கள் பம்புசெட்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், டீசல் பம்பின் ரேக்கை நகர்த்தி ஒவ்வொரு வெடிக்கும் போகும் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. ஹிட் அண்ட் மிஸ்ஸில் அளவு மாறாது. வேகம் கூடினால் கவர்னர் ஒரு கொக்கியைத் தள்ளி எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். இன்லெட் வால்வுக்குக் கேம் கிடையாது, உறிஞ்சலால்தான் திறக்கும். எக்ஸாஸ்ட் திறந்திருப்பதால் உறிஞ்சல் இல்லை, புதுக் கலவை வராது. ஃப்ளைவீலின் வேகத்தில் சும்மா சுற்றி, வேகம் குறைந்ததும் கொக்கி விடும், அடுத்த வெடி.

சும்மா ஓடும்போது பெட்ரோல் வாடை அடித்தால் இன்லெட் ஸ்பிரிங் மிகவும் தளர்வு. எக்ஸாஸ்ட் வழியே காற்று உள்ளே வரும்போது உண்டாகும் சிறு உறிஞ்சலுக்கே வால்வு மூச்சு விடுகிறது. ஸ்பிரிங்கின் அடியில் 0.5 தடிமனில் வாஷர் ஒன்று போட்டுப் பாருங்கள். வாடை நிற்கும் வரை ஒவ்வொன்றாகக் கூட்டலாம். வெடிக்க வேண்டிய சுற்றிலும் வெடிக்காமல் கார்புரேட்டர் பக்கம் இருமினால் வாஷர் கூடிவிட்டது, ஒன்றை எடுத்துவிடுங்கள்.