வேளாண் படிப்பும் வயல் அனுபவமும் – கடிதம்

வணக்கம் ஐயா,

விழுப்புரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. வேளாண்மை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்களுக்கு நிலம் கிடையாது, அப்பா தையல்காரர். வேலைக்குப் போகும் சீனியர்களிடம் "ஃபீல்டு அனுபவம் உண்டா?" என்று கேட்கிறார்களாம். கிராமத்தில் தங்கிச் செய்யும் 'ராவே' பயிற்சி நான்காம் ஆண்டில்தான் வரும். அதுவரை ஆன்லைன் இன்டர்ன்ஷிப் சான்றிதழ்கள் சில வாங்கி வைக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

வாங்க வேண்டாம். அந்தக் காசைப் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத்தில் நிலக்கடலைக்கு ஜிப்சம் எப்போது போடுவது என்று கேட்டால், நாற்பதாம் நாள் வாக்கில், ஏக்கருக்கு 160 கிலோ, போட்டுச் செடியடியில் மண் அணைக்க வேண்டும் என்று உங்கள் வகுப்பே சொல்லும். "அப்புறம் ஏன் பலர் போடுவதில்லை?" என்று அடுத்த கேள்வி வந்தால் சான்றிதழ் உதவாது. மண் அணைக்க அந்த வாரம் ஆள் கிடைத்திருக்காது. மானாவாரி என்றால் ஈரம் இருந்திருக்காது. இதெல்லாம் வரப்பில் நின்றால்தான் தெரியும்.

உங்கள் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, பஞ்சமில்லை. சுமார் 105 நாள் பயிர், ஒரு செமஸ்டருக்குள் முடிந்துவிடும். மார்கழிப் பட்டத்தில் விதைக்கிற ஒருவரைப் பிடியுங்கள். ஞாயிறுதோறும் அதே வயலுக்குப் போங்கள். பத்து வயலைச் சுற்றிப் பார்ப்பதைவிட அது மேல். விதைப்புக்கு முன் மண் மாதிரியை நீங்களே எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குழிப் பக்கம் வேண்டாம். ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பல இடத்து மண்ணையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளிக்கொண்டே வந்தால் அரைக் கிலோ மிஞ்சும். பரிசோதனை முடிவை அந்த விவசாயிக்கு நீங்களே விளக்கிச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடக் கடினமான வாய்மொழித் தேர்வு கிடையாது.

அறுவடையானதும் மூட்டையோடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கும் போய்விடுங்கள். வியாபாரி ஒரு பிடி அள்ளி, பருப்பைத் தேய்த்து எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சீட்டில் விலை எழுதுவார். இரண்டு குவியலுக்கு ஏன் இரண்டு விலை என்று நிதானமாகக் கேளுங்கள். ஏலம் முடிந்த பிறகு கேட்டால் சொல்வார்கள்.

சனிக்கிழமைகளில் உரம், பூச்சி மருந்துக் கடை ஒன்றில் நில்லுங்கள், சம்பளம் இல்லாவிட்டாலும். பூச்சி மருந்து உரிமத்துக்கு இப்போது படிப்புத் தகுதி கேட்கிறார்கள், அதனால் வேளாண் மாணவி என்றால் மதிப்பு உண்டு. கேரி பேக்கில் நாலு இலையோடு ஒருவர் வருவார். நல்ல கடைக்காரர் இலையைத் தொடுவதற்கு முன்னால், "போன வாரம் என்ன அடிச்சீங்க?" என்பார். மோசமானவர் மூன்று பயிர் டானிக்கை எடுத்து மேசையில் வைப்பார். இரண்டையும் பார்த்து வைப்பது நல்லதுதான்.

திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை, எள் ரகங்கள் அங்கே பிறந்தவை. கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் விடுமுறையில் வேலை பழக இடம் கேட்கலாம். வங்கி வேளாண் அதிகாரித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். வயல் அதற்குக் குறுக்கே வராது.

நிலம் இல்லாததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள் பலர் விடுமுறையில் வயல் பக்கமே போவதில்லை. தேதி போட்டு ஒரு நோட்டு எழுதுங்கள். நேர்முகத்துக்கு அதையே கொண்டுபோகலாம்.

விதைப்பு முடிந்ததும் எழுதுங்கள். எந்த ரகம், விதை எங்கே வாங்கினார் என்பதையும் சேர்த்து.