சாங்ரியா ஏன் கசக்கிறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விருந்துக்குச் சாங்ரியா (பழம் ஊறவைத்த ஒயின் பானம்) செய்ய, முதல் நாள் இரவே சிவப்பு ஒயினில் ஆரஞ்சு, எலுமிச்சை வட்டங்களைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் ஒரே கசப்பு. சர்க்கரை சேர்த்தும் போகவில்லை. ஒயின் கெட்டுவிட்டதா?

பதில்: ஒயின் மேல் பழி போடாதீர்கள். ஆரஞ்சுத் தோலுக்கும் சுளைக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பகுதி ராத்திரி முழுக்க ஊறியிருக்கிறது. அதன் கசப்பு மொத்தமும் ஒயினில் இறங்கிவிட்டது. இனி சர்க்கரையால் மீட்க முடியாது.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். தோலின் நிறமுள்ள மேற்பகுதியை மட்டும் மெலிதாகச் சீவி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையோடு விரலால் அழுத்திக் கசக்கி, அரை மணி நேரம் மூடி வையுங்கள். தோலின் எண்ணெய் இறங்கிச் சர்க்கரை ஈரமணல் போலாகும். மூடியைத் திறந்ததும் வாசனை தூக்கும். அதில் ஒயினை ஊற்றிக் கரைத்துத் தோலை வடிகட்டிவிடுங்கள். ஆப்பிள், பீச் துண்டுகள் சில மணி நேரம் ஊறட்டும். ஆரஞ்சு வட்டங்களைப் பரிமாறும் நேரத்தில் போட்டால் போதும். சோடாவை ஜாடியில் கலக்காமல் கிளாஸில் கடைசியாக ஊற்றுங்கள்.

இன்னொன்று, குளிர்ந்தால் சிவப்பு ஒயினில் இருக்கும் டானின் என்ற பொருளின் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும். அதனால் துவர்ப்பு குறைந்த, இளசான கார்னாச்சா (ஒரு திராட்சை வகை) போன்ற ஒயினே இதற்குப் பொருத்தம். ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் முதிர்ந்த ஒயினைப் பழத்தோடு கலக்க எனக்கு மனசே வராது. அதைத் தனியாகக் குடிப்பதுதான் மரியாதை.

கேள்வி: சாங்ரியாவில் போதை குறைவுதானே?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 சதவீத ஒயின் 750 மி.லி., பழச்சாறு 250, சோடா 250 என்றால் மொத்தக் கலவையில் ஆல்கஹால் 7.8 சதவீதம். 40 சதவீத பிராந்தி 100 மி.லி. சேர்த்தால் 10 சதவீதத்தைத் தாண்டிவிடும், கிட்டத்தட்ட ஒயினேதான். இனிப்பும் குளிர்ச்சியும் அதைத் தெரியவிடாது. மளமளவென்று உள்ளே போகும். ஊறிய பழத்திலும் ஆல்கஹால் இருக்கிறது. குழந்தைகள் ஆசையாக எடுத்துவிடுவார்கள், ஜாடியைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். வண்டி ஓட்ட வேண்டியவருக்கு ஒயின் சேராத ஜாடி ஒன்றைக் கட்டாயம் தனியாகத் தயார் செய்யுங்கள்.

கேள்வி: பழம் நறுக்கப் பொறுமையில்லை. எளிதாக ஏதாவது?

பதில்: கிர். குளிர்ந்த வெள்ளை ஒயின் ஒன்பது பங்கு, கருந்திராட்சை போன்ற காசிஸ் பழத்தின் லிக்கர் (இனிப்பான மது) ஒரு பங்கு. பிரான்ஸில் திஜோன் நகர மேயராக இருந்த ஃபெலிக்ஸ் கிர் தன் விருந்தினர்களுக்குக் கொடுத்துக் கொடுத்தே அவர் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. லிக்கரை முதலில் ஊற்றி அதன் மேல் ஒயினை விடுங்கள். கலக்கக் கரண்டியே வேண்டாம்.